பெரட்டுக்களத்துச் சாக்குகள்

ராக்கப்பன் இறந்த செய்தி ராக்கப்பனின் நம்பரிலிருந்தே வந்தது. மேட்டுப்பாளையத்தில் நான் கிளார்க் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். போன் திரையில் அவர் பெயர் தெரிந்தது. அந்த நம்பரை நான் அழித்ததும் இல்லை, அதிலிருந்து வந்த அழைப்பை ஒருமுறைகூட எடுத்ததும் இல்லை. பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை அடிக்கும், ஓயும். இது ஆடி மாதம். மூன்றாம் முறை அடித்தபோது எடுத்தேன்.

"சாருங்களா? நான் மலருங்க, ராக்கப்பன் பொண்ணு. அப்பா காலைல தவறிட்டாருங்க. அவரு போன்ல இருக்கற எல்லாத்துக்கும் சொல்லிட்டு இருக்கறேன்."

சரி என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த பஸ்ஸில் மலை ஏறினேன்.

நடுவட்டத்துக்குக் கீழே இருந்த எங்கள் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இப்போது திருப்பூரிலும் கோவையிலும் ஓசூரிலும் இருக்கிறீர்கள். அவரை உங்களுக்குத் தெரியும். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாலிப வயதில் கப்பலேறி வந்தவர். பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் இருபத்தைந்து வருடம் நின்றவர். அதோடு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் உங்கள் பெயர்களைக் கூப்பிட்ட கங்காணியும் அவர்தான். தாளைப் பார்க்காமல் இருநூறு பெயரையும் வரிசை தவறாமல் சொல்வார். நான் அதே பேக்டரியில் அசிஸ்டெண்ட் டீ மேக்கர். எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவன். வந்த நாள் முதல் அது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தவன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேயிலை விலை விழுந்த வருடங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் மூடுகிறோம் என்று சொல்லி மூடிய பேக்டரி திறக்கவே இல்லை. நீங்கள் லயத்து வரிசை வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப் போனீர்கள். கடைசியில் பத்துப் பதினைந்து பேர் மிஞ்சினோம். அப்போதுதான் ஓனரின் மருமகன் வந்து, துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றினார். பூப்பந்து, கேரம் போர்டு, குதிரை. பிறகு ஒரு நாள் ஆறு வில்லும் ஒரு கட்டு அம்பும் வந்து இறங்கின. என்னை விளையாட்டுகளுக்குப் பொறுப்பாளன் ஆக்கினார். எம்.எஸ்சி. படித்தவன் டூரிஸ்டுகளுக்கு அம்பு பொறுக்கிக் கொடுத்தேன். வில் வாங்கியவருக்கு அம்பு எதில் குத்தும் என்ற யோசனை இல்லை. கடையில் விற்கும் டார்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு, "பேக்டரில ஏதாச்சும் கிடக்கும், பண்ணிக்குங்க" என்றார். நான் ராக்கப்பனைக் கூப்பிட்டேன்.

அவர் எதையும் ஒரே தடவையில் செய்தவர் இல்லை. முதலில் பழைய தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட் பலகைகளை நான்கு அடுக்காக வைத்து ஆணி அடித்தார். அம்பு பட்டுத் தெறித்துத் திரும்பி வந்து, நின்றிருந்த சமையல்கார மணியின் காலடியில் விழுந்தது. "கங்காணி, டூரிஸ்ட்டு பில்லு கட்டறதுக்கு முன்னாடி செத்தா எனக்குத்தான் திட்டு விழும்" என்றான் மணி. அடுத்து கன்வேயர் ரப்பரைத் தொங்கவிட்டார். அம்பு போனது, ஆனால் வெளியே வரவில்லை. இரண்டு பேர் காலை முட்டுக்கொடுத்து இழுத்தும் வரவில்லை. மூன்றாவதாக, சலித்துத் தள்ளிய தேயிலைக் கழிவைச் சாக்கில் அடைத்தார். வெயில் இருந்த நாட்களில் அம்பு அதற்குள் புகுந்து மறுபக்கம் போயிற்று. மழை பெய்த ஒரு வாரத்தில் சாக்கு ஊறி, வெள்ளையாகப் பூஞ்சை முளைத்து, உள்ளே சூடாகத் தொடங்கியது. தொட்டால் காய்ச்சல்காரன் வயிறு போல இருந்தது. அதைப் பள்ளத்தில் தள்ளச் சொன்னேன். அவர் குழி தோண்டிப் புதைத்தார்.

நான்காம் முறை சரியாக வந்தது. இலை வாட்டும் தொட்டிகளில் விரித்திருந்த நைலான் வலையை அறுத்து முறுக்கினார். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறைகளை மடித்தார். தேயிலை கட்டும் காகிதப் பைகளை விரற்கடை அகலத்துக்குக் கீற்றாக வெட்டிச் செங்குத்தாக அடுக்கினார். இவற்றைச் சாக்கில் போட்டு, உலக்கையால் குத்திக் குத்தி இறுக்கினார். இன்னும் இடைவெளி இருந்தது. துணி வேண்டும் என்றார். அப்போது அவர் சொன்னதை நான் பிறகு பலரிடம் கிண்டலாகச் சொல்லியிருக்கிறேன். "கெட்டியா இருந்தா அம்பு திரும்பிரும் சார். தொளதொளன்னு இருந்தா பூந்துட்டுப் போயிரும். நெருக்கமா இருந்தாத்தான் நிக்கும். லயத்துல நாங்க இருந்த மாதிரி."

துணி எடுக்க அவரோடு நானும் லயங்களுக்குப் போனேன். நீங்கள் விட்டுப்போன வீடுகள். பாதிப் பூட்டுகள் துருப்பிடித்துத் தாமாகவே விழுந்திருந்தன. கதவைத் தள்ளினால் திறக்கும். ராக்கப்பன் தள்ளவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் சொன்னார். "ராசாத்தி, ஒன் கம்பளிய எடுத்துக்கவா?" கொஞ்சம் பொறுப்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். ஒரு வீட்டில் கேட்டுவிட்டு நெடுநேரம் நின்றார். உள்ளே போகாமல் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இல்ல சார். அது வேணாங்குது."

"யாரு?"

"செல்லாயி. அது திரும்பி வரும்."

நான் சிரித்தேன். செல்லாயி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக் கதவு மட்டும் அப்போது காற்றில் மெல்லத் திறந்து மூடியது. வேறு எந்தக் கதவும் அசையவில்லை. அது அந்த லயத்தின் ஓரத்து வீடு, அதனால் காற்று படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

ஆறு சாக்குகள் தயாராயின. பழைய குழாய்களை நட்டு, குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டார். ஈரம் இறங்காமலிருக்க, கொழுந்து பறிக்கும்போது நீங்கள் இடுப்பில் கட்டும் படங்கை ஒவ்வொன்றின் மேலும் சுற்றி, தலைப்பக்கம் கம்பளித் துண்டைப் போர்த்தினார். முன்புறத்தில் மட்டும் வட்டம் வரைய இடம் விட்டார். நட்ட இடம் பெரட்டுக்களம். சமதரையாக வேறு இடம் இல்லை, நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலை பங்களா மேட்டிலிருந்து பார்த்தபோது, இறங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வழக்கமாக நீங்கள் நிற்கும் அதே வரிசை. இரண்டு பேருக்கு நடுவில் கூடைக்கு விடும் அதே இடைவெளி. பனி முழங்கால் உயரத்துக்கு ஓடியது. ஆறு பேர் பெயர் கூப்பிடக் காத்து நின்றார்கள்.

அவர் கூப்பிடவும் செய்தார். எந்தச் சாக்கில் யாருடைய துணி அதிகம் போனதோ, அது அவர். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கோட்டருகில் நின்று ஆறு பெயரையும் சத்தமாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் அதனதன் சாக்கைப் பார்ப்பார். கடைசியில் "ஆறு" என்பார். அதன் பிறகுதான் வில்லை வளைக்க விடுவார். எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறார்களா என்று பார்க்கும் வழி அது என்று நான் டூரிஸ்டுகளிடம் விளக்கம் சொல்லி வைத்தேன்.

"என்ன கங்காணி, இன்னிக்கி யாராச்சும் லீவா?" என்பான் மணி.

"லீவெல்லாம் தொரமாருக்கு. இவுங்க பெர்மனெண்ட்டு."

சிரிப்பு அடங்கிய பிறகு அம்பு விடுவார்கள். அம்பு தைக்கும்போது அந்தச் சாக்குகள் ஒரு சத்தம் எழுப்பும். இறுக்கி அடைத்த காற்று தையல் வழியாக வெளியேறும் சத்தம், வேறொன்றும் இல்லை. யாரோ கூப்பிட்டால் அரைத் தூக்கத்தில் பதில் சொல்வது போல "ம்" என்று கேட்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் இரண்டு அம்பு விட்டுவிட்டு வில்லைக் கீழே வைத்தார். "அவங்க முகத்தை மூடியிருக்கறதுதான் பிடிக்கல" என்றார். முகமே இல்லை என்று நான் சொன்னேன். அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி அந்த நாள். பல வருடங்களாக நான் ஒரு விதமாகச் சொல்லி வந்த நாள். டிராவல்ஸ்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஆட்களை அனுப்புவார்கள், விடுதி நிலைக்கும், நான் மானேஜர். அப்படித்தான் மருமகன் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் விடுதியை மூடிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். பேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி எனக்கு ஏற்கெனவே நோட்டீஸ் வந்திருந்தது. என் மனைவி பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மலையில் எனக்கு மிச்சம் இருந்த ஒரே வழி அந்த மத்தியானம்தான்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. முப்பது மீட்டரில் சாக்குகள் நிழல்களாகத் தெரிந்தன. ஆட்கள் வில்லோடு கோட்டில் நின்றார்கள். ராக்கப்பன் பெயர் கூப்பிட்டார். ஆறாவது பெயர் முடிந்தது. "ஆறு" என்று சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை குரலைத் தாழ்த்தி, விரலை நீட்டி எண்ணினார்.

"சார்" என்றார். "ஏழு நிக்குது."

டிராவல்ஸ்காரர்களில் ஒருவர் சிரித்தார். மருமகன் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்த்தேன். ஆறுதான் என்றேன்.

"நல்லா பாருங்க சார். ராசாத்திக்கு அங்கிட்டு."

"ஆறுதான் இருக்கு. மிஸ்ட்ல ரெண்டாத் தெரியும். வெலகுங்க." பிறகு அவர்களிடம் திரும்பி, "நீங்க விடுங்க சார்" என்றேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். ஆறு வில்லும் வளைந்திருந்தன. நேராகப் பத்தடி போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, கைகளை அகல விரித்து நின்றார். ஒருவர் திகைத்து நாணை விட்டுவிட்டார். அம்பு ராக்கப்பனின் காதோரமாகப் போய்ப் பனிக்குள் மறைந்தது. "ம்" என்ற சத்தம் வரவில்லை. பனிக்குள் யாரோ ஓடுவது போலத் தேயிலைச் செடிகள் சரசரத்தன. காட்டு மாடு என்றான் மணி.

போய்ப் பார்த்தோம். ஆறு சாக்குகள் இருந்தன. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில், வெறும் தரையில், அம்பு சாய்வாகக் குத்தி நின்றது. டிராவல்ஸ்காரர்கள் அன்று மாலையே கிளம்பினார்கள். பைத்தியக்காரனை வேலைக்கு வைத்துக்கொண்டு அம்பு விளையாட்டா என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்த வாரம் விடுதியை மூடினார்கள். நான் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன்.

இறங்குவதற்கு முன் ஒரு காலையில் லயத்துப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஆறு சாக்குகளையும் அவர் பிரித்திருந்தார். நைலான் ஒரு குவியல், காகிதம் ஒரு குவியல். துணிகளை மட்டும் ஒவ்வொன்றாக மடித்து, அந்தந்த வீட்டு வாசல்படியில் வைத்திருந்தார். கம்பளியில் அம்பு துளைத்த ஓட்டைகள் இருந்தன. பூட்டிய கதவுகளுக்கு முன்னால் வரிசையாக மடித்த துணிகள். யாராவது கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார்கள் என்பது போல வைத்திருந்தார். மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். உங்களில் பலர் அந்தக் கதையை என் வாயிலிருந்துதான் கேட்டிருப்பீர்கள். இல்லாத ஆளைப் பார்த்து என் பிழைப்பைக் கெடுத்தவன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் எங்கும் மறுத்ததில்லை. ஒருமுறை கூடலூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து, "சாப்டீங்களா சார்" என்று கேட்டார். நான் பஸ் போர்டைப் படிப்பது போல நின்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனார்.

சாவு வீட்டில் கூட்டம் இல்லை. சாரல் பெய்தது. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலை நரைத்த ஒரு பெண் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செல்லாயி. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளே பெயர் சொன்னாள்.

"ஒங்ககிட்ட கதைக்க வேணாம்னு அண்ணன் சொல்லியிருந்தாரு சார். இப்பத்தான் அவரு இல்லையே, கதைக்கிறேன். அன்னிக்கு நின்னது நாந்தான்."

திருப்பூரில் அவளுக்கு வேலை போயிருந்தது. எஸ்டேட் திறக்கப் போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ரோட்டிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கும்போது பனிக்குள் ராக்கப்பன் பெயர் கூப்பிடும் குரல் கேட்டிருக்கிறது. பெரட்டு நடக்கிறது, நேரமாகிவிட்டது என்று பையைச் செடிக்குள் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் இடத்தில் வந்து நின்றிருக்கிறாள்.

"பக்கத்துல ராசாத்தி நின்னா. அவ கம்பளி எனக்குத் தெரியாதா. எப்படி வந்தே, எந்த பஸ்ஸுலன்னு கேட்டேன். பேசல. கோவமாக்கும்னு கையத் தொட்டேன் சார். கை இல்ல." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அங்கிட்டுத் திரும்பிப் பாத்தா யாருக்குமே இல்ல. கத்த வாய் வரல. என் பேரக் கூப்புட்டா ஓடிரலாம்னு நின்னேன். என் பேரு மட்டும் வரவே இல்ல. அப்பத்தான் அம்பு வந்து காலுக்கிட்டக் குத்துச்சு."

அன்று மாலையே அவள் ராக்கப்பன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

"ஆள் இல்லாம பேரு கூப்புட்டது ஏந் தப்பு, அதான் ஒன்னைய இழுத்துட்டு வந்துருச்சுன்னாரு. சாருக்குத் தெரிய வேணாம், படிச்ச மனுசன், கண்ணுக்குத் தெரியாமத்தான் வுடச் சொன்னாரு, தெரிஞ்சா பொறகு தூங்க மாட்டாருன்னாரு." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஒங்களுக்கு நெசமாவே தெரியலியா சார், நான் நின்னது?"

"தெரியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பதில்தான். அன்று நான் அந்தப் பக்கம் பார்த்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, எண்ணினேன். இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. இரண்டு தடவையும் ஏழு வந்தது. ஏழாவது நிழல் காலை மாற்றி வைத்ததையும் பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது சாக்கு இல்லை என்பது தெரியும். தெரிந்துதான் விடுங்கள் என்றேன்.

ராக்கப்பன் தன் பங்கோடு என் பங்கையும் தன்னுடையது என்று நினைத்துச் சுமந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அடித்த அந்தப் போனில் அவர் என்ன கேட்க நினைத்தார் என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அவர் நினைவாக வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமா என்று மலர் வாசலில் கேட்டாள், அவருடைய ஸ்வெட்டரைத் தரவா என்றாள். வேண்டாம் என்றேன். அவர் எடுத்துப் போனதில் என்னுடையது ஒன்று இருக்கிறது, அந்தப் பங்கு. அதை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது என்று செல்லாயிக்கும் ஒரு கடிதம் எழுதி, இதோடு தபாலில் சேர்க்கிறேன்.